கையடக்க அகலக்கோண லென்ஸ்: யாழ்ப்பாண வெளியில் அதன் நிறையும் குறையும்

கமராவில் பொருத்தியதும் லென்ஸ் போலன்றி மூடி போலவே தோன்றும் தட்டை லென்ஸ்கள் இன்று ஏறக்குறைய எல்லாக் கமரா நிறுவனங்களிடமும் உண்டு. கடைகளில் இவற்றை ‘பான்கேக்’ என்பார்கள். கெனன் 2014இல் வெளியிட்ட ஈஎஃப்-எஸ் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 லென்ஸின் எடை 125 கிராம், நீளம் 22.8 மில்லிமீற்றர். மிரர்லெஸ் கமராக்களுக்காக அந்த நிறுவனம் 2023இல் கொண்டுவந்த ஆர்எஃப் 28 மில்லிமீற்றர் 120 கிராம். அதே ஆண்டில் வந்த நிக்கோன் இசட் 26 மில்லிமீற்றர் 125 கிராம். சோனியின் 2010ஆம் ஆண்டு 16 மில்லிமீற்றர் லென்ஸ் 67 கிராம்தான். பனசோனிக்கின் 14 மில்லிமீற்றர் இன்னும் இறங்கி 55 கிராமில் நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பாளரின் தோளை இழுக்கும் 24–70 எஃப் 2.8 சூம் லென்ஸ் வகையைப் பொறுத்து 700 முதல் 900 கிராம் வரை இருக்கும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இவை எவ்வளவு சிறியவை என்பது விளங்கும்.

குவியத்தூரத்தை மாற்ற முடியாத லென்ஸ் பிரைம் எனப்படும். கிட்டவோ எட்டவோ காட்ட வேண்டுமானால் படம் எடுப்பவர்தான் நடக்க வேண்டும். 35 மில்லிமீற்றர் பிலிம் அளவுள்ள உணரியில், அதாவது ஃபுல் ஃப்ரேம் கமராவில், 35 மில்லிமீற்றரும் அதற்குக் குறைந்த குவியத்தூரமும் அகலக்கோணமாகக் கொள்ளப்படும். படத்தின் மூலைக்கு மூலை அளந்தால் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஏறத்தாழ 47 பாகையைப் பார்க்கிறது. 28 மில்லிமீற்றர் 75 பாகையை, 24 மில்லிமீற்றர் 84 பாகையை, 16 மில்லிமீற்றர் 108 பாகையைப் பார்க்கின்றன. உணரி சிறுத்தால் கோணமும் சுருங்கும். குறைந்த விலைக் கெனன் கமராக்களின் ஏபிஎஸ்-சி உணரியில் 24 மில்லிமீற்றர் லென்ஸ் ஃபுல் ஃப்ரேமின் 38 மில்லிமீற்றருக்குச் சமமாகிவிடுகிறது. ‘அகலம் என்று நம்பி வாங்கினேன், அகலமே இல்லை’ என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்கியதால் வருவது. லென்ஸின் மேல் அச்சிட்ட இலக்கம் எந்தக் கமராவிலும் மாறாது, பார்வை மாறிவிடும்.

இந்த லென்ஸ்களைப் பயன்படுத்துவோரின் கருத்துகளை அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே பொருளைப் பற்றித்தானா பேசுகிறார்கள் என்ற சந்தேகம் எழும். கமராவிலிருந்து அதைக் கழற்றுவதே இல்லை என்பார் ஒருவர். வாங்கிய மாதத்திலேயே விற்றுவிட்டதாகச் சொல்வார் இன்னொருவர். ஓரங்கள் மங்கல், வெளிச்சம் போதாது, பொறி சத்தமிடுகிறது என்பன குறைகள். பாரமில்லை, ஆட்கள் கூசுவதில்லை, விலை கையைக் கடிக்காது என்பன நிறைகள். இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. லென்ஸைச் சிறிதாக்க எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்களோ அதுவே குறை. அப்படி விட்டதால் கிடைத்ததே நிறை. எது மேலோங்கும் என்பதை லென்ஸைவிட அது போய்ச் சேரும் இடம்தான் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த இடம் பெரும்பாலும் நெருக்கமான இடம்: பத்தடி அறை, விறாந்தை, நாற்சார் வீட்டின் முற்றம், மதில்களுக்கு நடுவே ஓடும் ஒழுங்கை, தீவுக்குப் போகும் படகின் உட்புறம்.

நெருக்கத்தை எண்ணாலும் சொல்லலாம். ஃபுல் ஃப்ரேம் கமராவில் படத்தின் அகலத்துக்குள் அடங்கும் பரப்பைக் கணிக்க, தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால் போதும். மூன்று மீற்றர் எட்டத்தில் 50 மில்லிமீற்றர் லென்ஸ் 2.2 மீற்றர் அகலத்தைக் காட்டும். மூன்று பேர் நிற்கலாம். அதே இடத்திலிருந்து 28 மில்லிமீற்றர் ஏறத்தாழ 3.9 மீற்றரைக் காட்டும், 24 மில்லிமீற்றர் 4.5 மீற்றரை. ஏபிஎஸ்-சி கமராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டினால் 2.8 மீற்றர்தான். சாமத்தியச் சடங்கில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது வீட்டிலென்றால் சுற்றி மாமிமார், நடுவே நிறைகுடம், ஒரு மூலையில் வீடியோ எடுப்பவர் என்று எல்லாரும் ஒரு சிறு இடத்துக்குள் நிற்பார்கள். பின்னால் சுவர். அங்கே 50 மில்லிமீற்றர் லென்ஸோடு நிற்பவருக்கு முகங்கள் கிடைக்கும், சடங்கு கிடைக்காது. வீட்டுச் சடங்குகளை எடுப்போர் சிறிய 24 அல்லது 28 மில்லிமீற்றர் லென்ஸைப் பையின் ஓரத்தில் இரண்டாவது லென்ஸாக வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வகை லென்ஸ்கள் மிகவும் கிட்டப் போகக்கூடியவை என்பதும் அதே வேலையில் பயன்படுகிறது. கெனன் 24 மில்லிமீற்றர் உணரியிலிருந்து 16 சென்ரிமீற்றர் தூரத்தில்கூடக் குவியும். ஆர்எஃப் 16 மில்லிமீற்றருக்கு 13 சென்ரிமீற்றர் போதும். தட்டில் வைத்த தாலிக்கொடியையோ கூறைச் சேலையின் கரையையோ முன்னால் பெரிதாக வைத்து, பின்னால் மணவறை முழுவதும் தெரியும்படி எடுக்கலாம். தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்கி எடுத்தால் தாலி தெரியும். மணவறை இருந்த தடமே இராது.

ஆனால் குடும்பப் படம் என்று வரிசையில் நிறுத்தியதும் முதல் சச்சரவு தொடங்குகிறது. ஓரத்தில் நிற்பவர்கள் தடித்துத் தெரிவார்கள். இதை லென்ஸின் பழுதென்று பலர் நினைக்கிறார்கள். விலையுயர்ந்த அகலக்கோண லென்ஸிலும் இதேதான் நடக்கும். கோளமாக இருக்கும் தலையைச் சமதளத்தில் சரிவாக விழுத்தும்போது அது வெளிப்புறமாக நீள்வது வடிவகணித விதி, கண்ணாடியின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓர் எட்டுப் பின்னால் போய், ஓரத்தில் வெறுமையாக இடம் விட்டு எடுத்துப் பின்னர் வெட்டுவதே வழி. கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவை வரிசையின் கடைசியில் நிறுத்தாமலிருப்பதும் ஒரு வழி.

வெளிச்சத்தைப் பற்றிய முறைப்பாடு இன்னும் நியாயமானது. சிறிய லென்ஸில் பெரிய துவாரம் வைக்க இடமில்லை. ஆகவே இவற்றில் பெரும்பாலானவை எஃப் 2.8இல் நின்றுவிடுகின்றன. கமராவோடு வரும் சாதாரண 18–55 சூம் லென்ஸ் 24 மில்லிமீற்றரில் எஃப் 4 அளவில்தான் திறக்கும் என்பதால், அதிலிருந்து மாறுபவருக்கு வெளிச்சம் இரட்டிப்பாகிறது. எஃப் 1.8 பிரைமைப் பழகியவருக்கோ இதே லென்ஸ் பாதிக்கும் குறைவான வெளிச்சத்தையே தருகிறது. நல்லூரில் சப்பறத்தன்று இரவு வெளிவீதியில் மின்விளக்கு அலங்காரம் தாராளமாக இருக்கும், எஃப் 2.8 அங்கே தாக்குப்பிடிக்கும். கிராமத்துக் கோயில் ஒன்றின் உட்பிரகாரத்தில், தீவட்டியும் தூண்டாமணி விளக்கும் மட்டும் எரியும் இடத்தில் தாக்குப்பிடிக்காது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளி மண்டும், ஷட்டரை மெதுவாக்கினால் ஆடும் ஆள் கலங்கிப்போவார்.

இங்கே அகலக்கோணத்துக்கு ஒரு சலுகை உண்டு. கை நடுக்கம் படத்தில் தெரியாமலிருக்க ஷட்டர் வேகம் குவியத்தூரத்தின் தலைகீழ் அளவாவது இருக்க வேண்டும் என்பது பழைய படப்பிடிப்பாளர்களின் கணக்கு. 28 மில்லிமீற்றருக்கு அது ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு. 200 மில்லிமீற்றருக்கு இருநூறில் ஒரு பங்கு. இந்தச் சிறு லென்ஸ்களில் நடுக்கம் தணிக்கும் பொறி பெரும்பாலும் கிடையாது. பல புதிய கமராக்களின் உடலிலேயே அது இருப்பதால் இழப்பு முன்போலப் பெரிதாகத் தெரிவதில்லை. அசையாமல் நிற்கும் விக்கிரகத்துக்கு அது போதும். காவடி ஆடுபவரை எந்தப் பொறியும் நிறுத்தி வைக்காது.

அகலக்கோண லென்ஸ் சிறிதாக இருப்பது இயல்பான காரியமன்று. பிலிம் கமராக்களில் எஸ்எல்ஆர் வகை பரவியபோது லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே எழுந்து விழும் கண்ணாடி ஒன்று வந்து சேர்ந்தது. கெனன் ஈஎஃப் கமராக்களில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 44 மில்லிமீற்றர் இடைவெளி. நிக்கோனின் பழைய எஃப் வளையத்தில் 46.5. குவியத்தூரம் 28 மில்லிமீற்றராக உள்ள லென்ஸை 40 மில்லிமீற்றருக்கு அப்பால் வைத்து உருவத்தைப் பிலிமில் விழச்செய்ய வேண்டும். முன்னால் ஒளியை விரிக்கும் குழிவில்லைத் தொகுதியும் பின்னால் குவிக்கும் தொகுதியும் வைத்து இதைச் சாதிக்கலாம். பிரான்ஸில் பியர் ஆன்ஜெனியூ 1950இல் வெளியிட்ட ரெட்ரோஃபோக்கஸ் 35 மில்லிமீற்றர் லென்ஸ் இம்முறைக்குப் பெயரையே கொடுத்தது. முன் வில்லை பெரிதானது, குழல் நீண்டது, எடை ஏறியது. கண்ணாடி இல்லாத லைக்கா போன்ற கமராக்களில் அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. அவற்றின் 28 மில்லிமீற்றர் லென்ஸ்கள் 1930களிலேயே விரல் நீளத்துக்குள் அடங்கின.

பனசோனிக் ஜி1 2008இல் வந்ததோடு மிரர்லெஸ் காலம் தொடங்கியது. எழுந்து விழும் கண்ணாடி போனதும் இடைவெளி சோனியில் 18 மில்லிமீற்றராகவும், கெனன் ஆர்எஃப் வளையத்தில் 20 ஆகவும், நிக்கோன் இசட் வளையத்தில் 16 ஆகவும் சுருங்கியது. லென்ஸை உணரிக்கு நெருக்கமாக வைக்கலாம் என்றானது. ஆனால் நெருங்கினால் ஒளி உணரியின் மூலைகளில் மிகச் சரிவாக விழும். எளிய அமைப்புள்ள லென்ஸில் மூலையின் வெளிச்சம் அந்தச் சரிவின் கோசைன் அளவை நான்கு தடவை பெருக்கிய அளவுக்குக் குறையும் என்பது ஒளியியல் விதி. 75 பாகை பார்க்கும் 28 மில்லிமீற்றருக்கு அது நடுப்பகுதியின் 40 வீதம் அளவில் வரும். 24 மில்லிமீற்றருக்கு 30 வீதம். வடிவமைப்பாளர் இதை ஓரளவு ஈடுகட்டுகிறார். மிச்சத்தைக் கமராவின் மென்பொருள் மூலைகளை வெளிச்சமாக்கிச் சரிசெய்கிறது. இருளைத் தூக்கும்போது அதிலுள்ள புள்ளிகளும் கூடவே எழும்பும். மாலையில் எடுத்த படத்தின் மூலைகள் நடுப்பகுதியைவிடக் கரடுமுரடாக இருப்பதாகச் சொல்வோர் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

மென்பொருளின் கை வளைவிலும் இருக்கிறது. கெனன் ஆர்எஃப் 16 மில்லிமீற்றர் லென்ஸின் திருத்தாத மூலக் கோப்பைத் திறந்தால் நேர்கோடுகள் பீப்பாயின் பக்கம் போல வெளியே வளைந்திருக்கும். கமரா அதை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, நேரான படத்தைக் கையில் தருகிறது. இது ஏமாற்று என்கிறது ஒரு கட்சி. வில்லைகளைக் கூட்டி லென்ஸைக் கனமாக்கி விலையை ஏற்றுவதைவிடக் கணிப்பால் திருத்துவது மேல் என்கிறது மறு கட்சி. பார்ப்பவருக்குக் கடைசிப் படம்தான் முக்கியம் என்ற அளவில் இரண்டாம் கட்சியின் வாதமே வலுவானது. நிமிர்த்தும்போது மூலைகள் இழுபட்டுக் கூர்மை குறைகிறது என்ற முதற் கட்சியின் குறிப்பும் உண்மை. அந்த இழப்பு பெரிய அளவில் அச்சிடும்போது தெரியும். கைபேசித் திரையில் தெரியாது.

குடாநாட்டில் இந்த வளைவுக் குறை மறைந்துகொள்ள இடமில்லை. நிலம் தட்டை, காங்கேசன்துறையிலோ காரைநகர்க் கசூரினாக் கரையிலோ நின்றால் அடிவானம் அளவுகோலால் கீறியது. அதைப் படத்தின் மேலோரத்திலோ கீழோரத்திலோ வைத்தால் திருத்தாத வளைவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். பனைமரம் இன்னொரு சோதனை. சட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பனை வளைந்திருந்தால் பிழை மரத்தில் இருக்காது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முகப்பை நேர் எதிரே நின்று எடுத்தால் தூண்களும் விளிம்புகளும் அதே வேலையைச் செய்யும். லென்ஸ் வாங்கியவர் கடையிலிருந்து வீடு போகும் வழியிலேயே இந்தச் சோதனைகளைச் செய்துவிடலாம்; செங்கல் சுவரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கோபுரங்களை எடுக்கும்போது வேறொரு தொல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தெற்கு வாசலில் ஒன்பது நிலைச் சண்முக இராஜகோபுரம் 2011 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. வடக்கு வாசலின் ஒன்பது நிலை இராஜகோபுரம் 2015 செப்ரெம்பரில் குடமுழுக்குக் கண்டது. இவற்றைக் கிட்ட நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழுவது போலிருக்கும். கமராவைச் சாய்த்ததால் வருவது இது, எந்த லென்ஸிலும் வரும். அகலக்கோணத்தில் கிட்டப் போகத் தூண்டப்படுவதால் கூடுதலாகத் தெரிகிறது. சாய்க்காமல் கமராவை நிமிர்ந்த நிலையில் நெடுக்காகப் பிடித்து எடுக்க வேண்டுமானால் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பதைக் கணித்துவிடலாம். 30 மீற்றர் உயரக் கட்டடம் ஒன்றுக்கு 50 மில்லிமீற்றர் லென்ஸோடு ஏறத்தாழ 80 மீற்றர் விலக வேண்டும். 28 மில்லிமீற்றரோடு 44 மீற்றர் போதும், 24 மில்லிமீற்றரோடு 38 மீற்றர், 16 மில்லிமீற்றரோடு 25 மீற்றர். அப்படி எடுத்த படத்தின் கீழ்ப்பாதி வெறும் மணலாக இருக்கும் என்பதால் பின்னர் வெட்ட வேண்டும். திருவிழாக் காலத்தில் 44 மீற்றருக்குள் எத்தனை தலைகள் வரும் என்பது வேறு விடயம்.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். இருபத்துநான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதியில்லை, எனவே எல்லாப் படமும் வெளிவீதியில் பிறப்பவைதான். தேரன்று அந்த வெண்மணல் வீதியில் பெரிய சூம் லென்ஸைத் தூக்கிப் பிடிக்கவே இடம் கிடைக்காது. தூக்குக்காவடி கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும். அங்கப்பிரதட்டை செய்பவர்கள் காலடியில் உருண்டு போவார்கள். கமராவை நெஞ்சுக்குக் கீழே தாழ்த்தியோ தலைக்கு மேலே ஒரு கையால் உயர்த்தியோ எடுப்பதற்கு 120 கிராம் லென்ஸ் பொருத்தமானது. அப்படி எடுக்கும்போது குவியத்தைப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் இராது. அதற்கும் அகலக்கோணம் இடம் தருகிறது: 28 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 8இல் வைத்து 3.3 மீற்றருக்குக் குவித்துவிட்டால் ஏறத்தாழ 1.6 மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். 24 மில்லிமீற்றருக்கு 2.4 மீற்றரில் குவித்தால் 1.2 மீற்றரிலிருந்து. அமெரிக்கத் தெருப்படக் கலைஞர் கரி வினோகிராண்ட் 28 மில்லிமீற்றர் லென்ஸை விடாமல் பயன்படுத்தியதும் இதே வசதியோடு சேர்ந்ததுதான்.

பழைய லென்ஸைப் பழகியவர்களின் கசப்பான முறைப்பாடு இங்கேதான் எழுகிறது. நிக்கோனின் 1981ஆம் ஆண்டு 28 மில்லிமீற்றர் எஃப் 2.8 ஏஐ-எஸ் லென்ஸின் குழலில் தூர அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். 3 மீற்றர் கோட்டுக்கு வளையத்தைத் திருப்பி விட்டுவிடலாம். புதிய தட்டை லென்ஸ்களில் அளவுகோலே இல்லை. வளையத்தைத் திருப்பினால் மின்சமிக்ஞைதான் போகிறது. கமராவை அணைத்து மீண்டும் போட்டதும் முன்பிருந்த தூரத்தைச் சில கமராக்கள் மறந்துவிடும். பொறித்த கோடுகளுக்கு இடமில்லாத அளவுக்கு லென்ஸ் சிறுத்ததன் விலை இது. 55 கிராம் லென்ஸில் எல்லாவற்றையும் கேட்பது அதிகம் என்றாலும், எஃப் 8இல் தெருவில் நடப்பவருக்கு இந்த வசதி மூலைக் கூர்மையைவிடப் பெறுமதியானது.

குவியப் பொறியின் சத்தத்தைப் பற்றி வீடியோ எடுப்போர் குறைப்படுகிறார்கள். இடமில்லாத குழலுக்குள் சிறு பல்லுச்சக்கரங்கள் வில்லைத் தொகுதியை நகர்த்துகின்றன. அமைதியான அறையில் கமராவின் ஒலிவாங்கி அந்தக் கரகரப்பைப் பிடித்துவிடும். நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் மண்டபத்தில் அதைக் கேட்க எவருக்கும் காது கிடையாது. வயதானவரின் வாய்மொழி வரலாற்றை விறாந்தையில் பதியும்போது கேட்கும். தனி ஒலிவாங்கி வைத்தால் தீரும். இன்னொரு பக்கம், கிம்பல் என்னும் சமநிலைத் தாங்கியில் கமராவை ஏற்றி நடப்போர் இதே லென்ஸைப் புகழ்கிறார்கள். முன்பாரம் இல்லாததால் சிறிய, மலிவான தாங்கியே போதும்.

திறந்த வெளியில் அகலக்கோணம் ஏமாற்றும். மலையோ மேடோ இல்லாத நிலத்தில் மண்டைதீவுப் பக்கம் திரும்பி ஒரு படம் எடுத்தால் மேலே பாதி வானம், கீழே பாதி தரவை, நடுவே ஒரு கோடு. பார்த்தபோது இருந்த விசாலம் படத்தில் வெறுமையாகிவிடும். முன்னால் ஏதாவது ஒன்று, அதுவும் மிகக் கிட்ட, வேண்டும். பண்ணைக் கடலில் நட்டிருக்கும் மீன்பிடித் தடிகள், மணற்காட்டு மணல்மேட்டின் காற்று வரிகள், நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கிய வேலிகள், கந்தரோடையின் சிறு தூபிகள் ஆகியவற்றுக்கு ஓரடி தூரம்வரை நெருங்கினால் வெறுமை ஆழமாக மாறும். நெடுந்தீவின் பெருக்கமரத்தை அடியிலிருந்து எடுக்கவும் இந்த லென்ஸே சரி. அதே தீவின் குதிரைகளுக்குச் சரிவராது. அவை கிட்ட விடா. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களும் இதில் புள்ளிகளாகிவிடும், கயிற்றை இழுத்துப் பிடிக்கும் இளைஞர் கூட்டத்தைத்தான் எடுக்கலாம். களப்பில் வரும் பறவைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகின் உட்புறம் தாழ்ந்த கூரையும் நெருக்கமான இருக்கைகளுமாக இருக்கும். அங்கே அகலக்கோண லென்ஸ் தவிர வேறொன்றும் பயன்படாது. உப்புநீர்த் தெறிப்பும் அங்கேதான் அதிகம். விலை குறைந்த தட்டை லென்ஸ்களில் நீர்த்தடுப்பு வளையம் பெரும்பாலும் இருப்பதில்லை. சிலவற்றில் குவிக்கும்போது முன்குழல் வெளியே நீளும். நிக்கோன் 26 மில்லிமீற்றர் அப்படிப்பட்டது. சோளகக் காற்றுக் காலத்தில் கரையோரப் பொடிமணல் அந்த இடுக்கில் புகுந்தால் வளையம் அரைபடத் தொடங்கும். முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடியை மாட்டுவதும், கரையில் லென்ஸைக் கழற்றாதிருப்பதும், வீடு வந்ததும் ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் குழலின் உப்பைத் துடைப்பதும் போதுமான காவல். மாரியில் ஆபத்து வேறு. ஐப்பசி முதல் மார்கழி வரையான ஈரப்பதத்தில் அலுமாரிக்குள் மூடிவைத்த லென்ஸின் உள்ளே பூஞ்சணம் வலை பின்னும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, இடைக்கிடை எடுத்துப் பயன்படுத்துவதே மருந்து. பூஞ்சணம் பிடித்த விலையுயர்ந்த லென்ஸைத் துப்புரவாக்கக் கொடுக்கலாம். மலிவான தட்டை லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாவது அரிது.

விலையைப் பற்றிய கருத்துகளை நாணய மாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆர்எஃப் 16 மில்லிமீற்றர் 2021இல் அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது வரி நீங்கலாக 60,000 ரூபா. மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே லென்ஸ் ஒரு இலட்சத்து ஏழாயிரத்தைத் தாண்டியது. வெளிநாட்டு விமர்சகர் ‘மலிவு’ என்று சொல்வது குடாநாட்டுப் பாவனையாளருக்கு ஒரு மாத வருமானமாக இருக்கலாம். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ திருவிழாவுக்கு வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பதும், கைமாறிய லென்ஸைப் பார்த்து வாங்குவதும் அதனால் வழமையாகின. கைமாறியதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 149 டொலருக்கு வந்த பழைய ஈஎஃப்-எஸ் 24 மில்லிமீற்றர் இன்றைய மிரர்லெஸ் கமராவில் நேரே பொருந்தாது. இடையே 110 கிராம் எடையும் 24 மில்லிமீற்றர் நீளமுமுள்ள இணைப்பி வேண்டும். இணைப்பியோடு எடையும் நீளமும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுவதால், தட்டையாக இருக்கிறது என்பதற்காக வாங்கியதன் பொருளே போய்விடும். பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கோ அதைவிடச் சிக்கனமான நல்ல லென்ஸ் கிடைப்பது அரிது.

கைபேசி இருக்க இது எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கைபேசிகளின் பிரதான கமரா பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேமின் 24 முதல் 26 மில்லிமீற்றருக்குச் சமமான கோணத்தையே பார்க்கிறது. இளையவர்களுக்கு 28 மில்லிமீற்றர் அகலமாகவே படாததற்கு அதுவும் ஒரு காரணம். வேறுபாடு உணரியின் பரப்பில் உள்ளது. ஃபுல் ஃப்ரேம் உணரி 864 சதுர மில்லிமீற்றர். விலையுயர்ந்த கைபேசிகளின் பிரதான உணரிகூடப் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராது. வெயிலில் எடுத்த படத்தில் வித்தியாசம் மங்கலாகத்தான் தெரியும். அந்தியில், நிழல் விழுந்த முகத்தில், பெரிதாக அச்சிட்ட தாளில் அது துலக்கமாகும். நல்லூர் வீதியின் நண்பகல் வெயிலிலும், வெண்மணல் கண்ணைக் கூச வைக்க மண்டப நிழல் கரியாகக் கிடக்கும்போது, பெரிய உணரியின் மூலக் கோப்பிலிருந்து இரண்டு பக்க விவரத்தையும் மீட்க முடியும்.

ஆட்கள் கூசுவதில்லை என்ற புகழ்ச்சி எண்ணால் அளக்க முடியாதது, எனினும் பயன்படுத்துவோர் அடிக்கடி சொல்வது. திருநெல்வேலிச் சந்தையில் பெரிய லென்ஸை நீட்டினால் வியாபாரி எழுந்து சட்டையைச் சரிசெய்வார், அல்லது எந்தப் பத்திரிகை என்று கேட்பார். தட்டை லென்ஸ் பொருத்திய சிறு கமராவுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. கத்தரிக்காய் நிறுப்பது நிற்காமல் நடக்கும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அகலக்கோணத்தில் முகம் பெரிதாக வர ஒரு மீற்றருக்குள் போக வேண்டும். அந்தத் தூரத்தில் எவரும் மறைந்து எடுக்க முடியாது, கேட்டுவிட்டுத்தான் எடுக்கலாம். படைமுகாம்களையும் காவலரண்களையும் படமெடுக்கக் கூடாதென்ற விதிக்கு லென்ஸின் அளவு விலக்காகாது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளின் எல்லையில் அகலக்கோணத்தின் ஓரத்தில் வேலி தானாக வந்து விழுந்துவிடும் என்பதால் அங்கே சட்டத்தின் மூலைகளைப் பார்ப்பது அவசியம்.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்வோருக்கு இந்த லென்ஸ் எவ்வளவு பயன்படும் என்பதில் கருத்துகள் பிரிகின்றன. நாற்சார் வீட்டின் முற்றத்தையோ நல்லூர் மந்திரிமனையின் உள்ளறைகளையோ எடுக்க இடவசதி குறைவு, அகலம் கட்டாயம். வரைபட அளவுக்குத் துல்லியம் தேவைப்படும் வேலையில் மென்பொருளால் நிமிர்த்திய மூலைகள் ஐயத்துக்குரியவை, முக்காலியும் நல்ல கண்ணாடியும் கொண்ட பெரிய லென்ஸே அங்கு பொருந்தும். மரத்தூணின் செதுக்கலும் சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பும் தெரிந்தால் போதும் என்ற பதிவுக்கு எஃப் 5.6 அல்லது எஃப் 8இல் எடுத்த தட்டை லென்ஸின் படம் தாராளம். அந்தத் துவாரங்களில் இவ்வகை லென்ஸ்களின் ஓர மங்கலும் மூலை இருளும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. குவியத்தூரத்தில் எதைத் தேர்வது என்பதில் அனுபவம் உள்ளோர் பொதுவாக ஒரு வரிசையைச் சொல்கிறார்கள்: ஒரே லென்ஸோடு நாள் முழுவதும் திரிவதென்றால் 28 மில்லிமீற்றர், வீட்டுச் சடங்குகளும் அறைகளும் முக்கியமென்றால் 24, 16 மில்லிமீற்றர் வேறு லென்ஸ் ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு மட்டும். ஏபிஎஸ்-சி கமரா வைத்திருப்பவர்கள் அதே பார்வையைப் பெற இந்த இலக்கங்களை 1.5ஆல், கெனன் என்றால் 1.6ஆல், வகுத்து 18, 16, 10 என்ற அளவுகளில் தேட வேண்டும். அந்த அளவுகளில் தட்டையான பிரைம் அரிது. புஜிபில்மின் 2012ஆம் ஆண்டு 18 மில்லிமீற்றர் எஃப் 2, 116 கிராம் எடையோடு, அந்த அரிதானவற்றுள் ஒன்று.